இறந்தவரின் உடலை வைத்திருப்பது யாருக்காக?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். ஜேர்மனியில் வசிக்கும் தம்பி ஒருவர், அங்கே பதப்படுத்தப்பட்ட மனித உடல்களின் கண்காட்சி ஒன்றைப் பார்த்திருக்கிறார். தோல் நீக்கிய உடல் ஒன்று சதுரங்கப் பலகையின் முன்னால் யோசித்துக்கொண்டு இருந்ததாம். அதே மாதத்தில், வலிகாமத்தில் இருக்கும் அவருடைய தகப்பனார், தான் இறந்தால் உடலை யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் அறிவித்திருக்கிறார். தாயார் அன்று தொடக்கம் அவரோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. "இரண்டும் ஒன்றுதானே ஐயா? செத்தவரை எரிக்காமல் புதைக்காமல் மருந்தேற்றி வைத்திருப்பதும், நாலு பேர் பார்க்க விடுவதும் எந்த வகையில் முறை?" என்று கேட்கிறார்.

உடற்கூற்றியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு பக்கம் சாய்ந்துதான் பதில் சொல்வேன் என்பதைத் தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. அதற்கு முன், உடலைப் பதப்படுத்துவதும் பார்வைக்கு வைப்பதும் ஏதோ வெள்ளைக்காரரின் வேலை என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். யாழ்ப்பாணத்தில் அது வாரந்தோறும் நடக்கிறது. மகன் ரொறன்ரோவில், மகள் பாரிஸில், இளையவன் லண்டனில். ஐயா கண்ணை மூடிய சில மணித்தியாலங்களில் மலர்ச்சாலைக்காரர் வந்து கொண்டுபோய் எம்பாம் செய்கிறார். மூன்று நாலு நாள் கழித்து, கோட்டு சூட்டு அல்லது பட்டு வேட்டியோடு ஐயா வீட்டு விறாந்தையில் படுத்திருக்கிறார். மரண அறிவித்தலில் 'பார்வைக்கு வைக்கப்படும்' என்று நாளும் நேரமும் போடுகிறோம். பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று படம் எடுக்கிறோம். விசா கிடைக்காத பேரப்பிள்ளைகளுக்காக நேரலை வேறு. 'உங்களை நாலு நாள் மருந்தேற்றி வைத்திருக்கலாமா, முகநூலில் காட்டலாமா' என்று அந்த ஐயாவை உயிரோடு இருக்கும்போது யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் இதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை. ஏன்? விமானத்தில் வரும் பிள்ளை ஒருமுறை முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். ஐந்தாம் நாள் எப்படியும் பறை முழங்கும், வாய்க்கரிசி போடுவார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பார்கள், மயானத்தில் கொள்ளி வைப்பார்கள் என்பதும் தெரியும். யாருக்காக வைத்திருக்கிறோம், எதுவரை வைத்திருக்கிறோம் என்ற இரண்டுக்கும் அந்த வீட்டில் பதில் இருக்கிறது. அருங்காட்சியகம், கண்காட்சி, மருத்துவ பீடம், தலைவரின் கண்ணாடிப் பேழை என்று எங்கே போனாலும் நான் இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். அவற்றிலும் முதலாவதுதான் பெரியது.

முதலில் கொஞ்சம் இரசாயனம். உயிர் போனதும் உடலின் கலங்களில் இருக்கும் நொதியங்கள் அந்தக் கலங்களையே கரைக்கத் தொடங்கும். குடலில் இருக்கும் பற்றீரியாக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் சித்திரை வெக்கையில் ஒரு நாள் தாங்காது. எம்பாமில் ஏற்றும் போமலின் என்ற மருந்து புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுவதால் நொதியமும் பற்றீரியாவும் தோற்றுப்போகின்றன. அது இழையங்களைப் பதப்படுத்த உதவும் என்பதை 1893 இல் ஜேர்மனியரான பேர்டினண்ட் புளும் கவனித்தார். மலர்ச்சாலையில் ஏற்றுவது செறிவு குறைந்த கலவை. சில நாட்களுக்கு முகம் வாடாமல் இருந்தால் அவர்களுக்குப் போதும். மருத்துவ பீடத்தில் போமலினோடு பீனோல், கிளிசரின், அற்ககோல் எல்லாம் சேர்த்து நாடி வழியாக நிறைய ஏற்றுவார்கள். உடல் வருடக் கணக்கில் இருக்கும்; நிறம் மங்கி, தோல் தடித்து, ஆளே மாறிவிடும். அந்த மாற்றம் மாணவருக்கும் ஒரு வகையில் உதவிதான். மேசையில் இருப்பவர் யாருடைய அப்பா என்ற நினைவு வந்தால் முதல்நாள் கத்தி ஓடாது.

ஜேர்மனியில் நீங்கள் பார்த்தது வேறு வகை. குந்தர் வொன் ஹாகன்ஸ் என்பவர் 1977 இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த பிளாஸ்டினேஷன் முறை அது. உடலைக் கடுங்குளிரில் அசிற்றோனில் ஊறவைத்து நீரையும் கொழுப்பையும் வெளியேற்றுகிறார்கள். பிறகு வெற்றிடத்தில் அந்த அசிற்றோன் ஆவியாகி வெளியேற, அது இருந்த இடத்துக்குள் சிலிக்கோன் புகுந்துவிடுகிறது. விரும்பிய நிலையில் நிறுத்தி இறுக வைத்தால் முடிந்தது. ஒரு முழு உடலுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கும். மணம் இல்லை, ஈரம் இல்லை, கையுறை இல்லாமலே தொடலாம். கற்பிப்பவனுக்கு இது பெரிய வரம் என்பதை மறைக்க மாட்டேன். புகைபிடித்தவரின் கறுத்த நுரையீரலையும் பிடிக்காதவரின் நுரையீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு மணித்தியாலப் பிரசங்கத்துக்கு ஈடு.

1995 இல் தோக்கியோவில் தொடங்கி, இந்தக் கண்காட்சி உலகம் சுற்றிக் கோடிக்கணக்கானவர்களை ஈர்த்துவிட்டது. உடலைத் தருவதாக உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தவர்களின் பட்டியலும் அவர்களிடம் உண்டு. ஆனால் 2004 இல், சீனாவில் வொன் ஹாகன்ஸ் வைத்திருந்த உடல்களில் மரண தண்டனை பெற்றவர்களுடையவையும் இருக்கலாம் என்று ஜேர்மன் சஞ்சிகை ஒன்று எழுதியது. அவர் ஏழு உடல்களைச் சீனாவுக்குத் திருப்பி அனுப்பினார். அவருக்குப் போட்டியாக அமெரிக்காவில் கண்காட்சி நடத்திய இன்னொரு நிறுவனத்தின் நிலை இன்னும் மோசம். எங்களிடம் இருக்கும் உடல்கள் சீனச் சிறைகளில் கொல்லப்பட்டவர்களுடையவை அல்ல என்பதை எங்களால் உறுதிப்படுத்த முடியாது என்று வாசலில் அறிவித்தல் வைக்க வேண்டும் என 2008 இல் நியூயோர்க் மாநிலத்தோடு அது இணங்க வேண்டியதாயிற்று. அந்த அறிவித்தலை வாசித்துவிட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக எப்படி மனம் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

எழுதிக் கொடுத்தவர்களின் உடல் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? பலர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்த மாட்டேன். முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையில் தோல் உரித்த மனிதன் இருந்து, ஒரு கையில் தன் மூளையையும் மறு கையில் குதிரையின் மூளையையும் பிடித்திருக்கும் காட்சி ஒன்று அந்தக் கண்காட்சியில் உண்டு. தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறிய மூளையைக் கையில் கொடுக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் உடல் பாடமாக இருப்பதை விட்டுவிட்டு வேடிக்கையாகிவிடுகிறது. சிலிக்கோன் அழுகாது என்பதால் அந்த வேடிக்கைக்கு முடிவும் இல்லை. பிரான்ஸ் இதைச் சட்டமாகவே பார்த்தது. மனித உடலுக்கு உரிய மரியாதை மரணத்தோடு முடிவதில்லை என்று 2008 இல் தன் குடியியல் சட்டக்கோவையில் சேர்த்தது. அடுத்த வருடம் பாரிஸில் நடந்த இத்தகைய கண்காட்சி ஒன்றை நீதிமன்றம் மூடுவித்தது. 2010 இல் உயர் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும்.

'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு நடந்ததையும் கேளுங்கள். அயர்லாந்தின் சார்ள்ஸ் பேர்ன் இரண்டு மீற்றர் முப்பது சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த மனிதர். உயிரோடு இருந்தபோதே லண்டனில் காசு வாங்கித் தன்னைக் காட்டிப் பிழைத்தவர். இறந்த பிறகாவது விட்டுவிடட்டும் என்று, தன் உடலைக் கடலில் போடும்படி நண்பர்களைக் கேட்டிருந்தார். 1783 இல் தன் 22 ஆவது வயதில் இறந்தார். அறுவை வைத்தியர் ஜோன் ஹண்டர் காசு கொடுத்து உடலைக் கடத்திக் கொதிக்கவைத்து எலும்புக்கூடாக்கிவிட்டார். இருநூறு வருடங்களுக்கு மேல் அது லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. 2023 இல் அந்த அருங்காட்சியகம் திருத்த வேலைகளுக்குப் பிறகு மீண்டும் திறந்தபோது எலும்புக்கூட்டைப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆய்வுக்குத் தேவை என்று சொல்லி இன்னும் வைத்திருக்கிறார்கள். அவருடைய உயரத்துக்குக் காரணமான மரபணுவை 2011 அளவில் கண்டுபிடித்துவிட்டார்கள். கடலும் அங்கேதான் இருக்கிறது. பிறகு என்ன தாமதம்?

தஸ்மேனியாவின் முதுகுடிப் பெண் துருகனினி தன்னை வெட்டிப் பார்ப்பார்கள் என்று பயந்து, வேண்டாம் என்று மன்றாடியவர். 1876 இல் இறந்தார். அவருடைய எலும்புக்கூடு 1904 முதல் 1947 வரை அருங்காட்சியகத்தில் நின்றது. இறந்து நூறு வருடம் கழித்து, 1976 இல்தான் எரித்துச் சாம்பலைக் கடலில் கலந்தார்கள்.

பெரிய தலைவர்களுக்கும் இதே கதிதான். ஹோ சி மின் தன்னை எரித்து, சாம்பலை நாட்டின் வடக்கிலும் நடுவிலும் தெற்கிலும் வைக்கும்படி எழுதியிருந்தார். மாவோ 1956 இல் தகனத்துக்குச் சம்மதித்துக் கையொப்பமிட்டவர். லெனினின் மனைவி குரூப்ஸ்காயா சிலைகளும் நினைவு மண்டபங்களும் வேண்டாம் என்று பத்திரிகையிலேயே எழுதினார். அந்தத் தலைவர்கள் மூவரும் இன்றும் கண்ணாடிக்குள் கிடக்கிறார்கள். கட்சிக்கு அந்த உடல் தேவைப்பட்டது. இதற்கு நேரெதிராக ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, தன்னை வெட்டிப் படித்துவிட்டு எலும்புக்கூட்டுக்குத் தன் உடுப்பையே போட்டு நாற்காலியில் இருத்துங்கள் என்று தானே எழுதிவைத்தார். 1832 இல் இறந்தவர் இன்றும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தொப்பியோடு இருக்கிறார். அவரைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

எங்கள் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயருக்கு எதிரான 1818 கிளர்ச்சியில் தலை வெட்டப்பட்ட கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொல திசாவையின் மண்டையோட்டை ஓர் இராணுவ வைத்தியர் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும் 'விஞ்ஞானம்' அப்போது அங்கே கொடிகட்டிப் பறந்தது. நாடு சுதந்திரம் பெற்ற பிறகே அது திரும்பி வந்து கண்டியில் அடக்கம் பெற்றது. எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடம் இருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை 2019 நவம்பரில் வேடர்களின் தலைவர் வன்னிலஅத்தோவிடம் திருப்பிக் கொடுத்தது. திசாவைக்கு ஒரு புதிய நாடு குரல் கொடுத்தது. வேடர்கள் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். யாருடைய எலும்பு முதலில் வீடு திரும்பும் என்பதிலும் வரிசை இருக்கிறது.

இதைச் சொல்லும்போது யாழ்ப்பாணத்தவர் நாங்களும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். 1980 இல் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டியபோது எலும்புக்கூடுகளும், பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்றும் கிடைத்தன. எங்கள் வரலாற்றின் வேர் அது என்று மேடைதோறும் பேசுகிறோம். நல்லது. ஆனால் அந்த மனிதரை எங்கள் மூதாதை என்று உரிமை கோரினால், தொல்பொருள் இலக்கமிட்ட பொருளாக மட்டும் அவரை நடத்த முடியாது. வெறும் தொல்பொருள்தான் என்றால் மூதாதை என்று மார்தட்டவும் கூடாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய எலும்பை ஆய்வுக்காக வைத்திருப்பதை நான் எதிர்க்கவில்லை. அவருக்காக அழ வேண்டிய வீடு இன்று இல்லை. வைத்திருக்கும் முறையில் கொஞ்சம் உறவு தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சமயங்களின் கதை தனி. எங்கள் கத்தோலிக்க நண்பர்கள் பலர் கோவாவுக்குப் போய்ப் புனித சவேரியாரின் உடலைத் தரிசித்து வந்தவர்கள். 1552 இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தவரை, எலும்பைச் சீக்கிரம் எடுத்துப் போகலாம் என்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். உடல் கெடவில்லை என்று கண்டு கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி மக்களுக்குக் காட்டுகிறார்கள். கடைசியாக 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை நடந்தது. வழிபாட்டுக்காக வைத்திருப்பதை நான் வேடிக்கையோடு சேர்க்க மாட்டேன். ஆனால் 1614 இல் வலது கையை வெட்டி உரோமைக்கு அனுப்பினார்களே, அதைப் படிக்கும்போது எனக்குள் இருக்கும் உடற்கூற்றியல்காரன் நெளிகிறான். சைவத்தில் துறவிகளை எரிக்காமல் சமாதி வைப்போம். நீராவியடியில் கடையிற்சுவாமிக்குச் சமாதி உண்டு. அங்கே விளக்கு வைப்போம், மேலே லிங்கம் வைப்போம், உள்ளே எட்டிப் பார்க்க மாட்டோம்.

அடுத்தவரைக் குறைசொல்லிவிட்டு என் துறையை விட்டுவிட்டால் அது நேர்மையல்ல. உடற்கூற்றியலின் அத்திவாரத்தில் ஏழைகள் கிடக்கிறார்கள். 1828 இல் எடின்பரோவில் பேர்க், ஹெயர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூற்றியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். அதன் பிறகு 1832 இல் பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கொலைகாரருக்குப் பதிலாக ஏழைவிடுதிகள் உடல் வழங்கின. கேட்க ஆளில்லாமல் செத்தவர் வெட்டும் மேசைக்குப் போனார். அதுவரை வெட்டப்படுவது தூக்கிலிடப்பட்ட கொலைகாரனுக்கு மேலதிக தண்டனையாக இருந்தது. இனி வறுமைக்கும் அதே தண்டனை என்றாயிற்று. உலகத்து மருத்துவ மாணவர்கள் படித்த எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி கல்கத்தாவிலிருந்து போனது. 1985 இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வரும் எலும்புப் பெட்டியை எங்கள் தலைமுறை நன்கு அறியும். தொடை எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் இலத்தீன் பெயர் பாடமாக்கினோம். அது யாருடைய தொடை என்று எங்களில் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆளில்லை.

இதனால்தான் உங்கள் அப்பாவைப் போல ஒருவர் தானாக வந்து 'என்னை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது எங்களுக்குப் பெரிய விஷயம். பெயரோடும் சொல்லோடும் வரும் உடல் அது. இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீடு பற்றிய சட்டம் இதற்கு இடம் தருகிறது. உறுப்பு மாற்றத்துக்கு மட்டுமல்ல, கல்விக்கும் ஆய்வுக்கும் உடலைக் கொடுக்கலாம். இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூலையும் தமிழில் கொண்டுவந்தவர். மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது. 1987 செப்டெம்பர் 26 இல் உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட திலீபன் அதே பீடத்துக்குத் தெரிவான மாணவர். அவருடைய உடல் ஊர் ஊராக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட பின், அவர் விருப்பப்படி அந்தப் பீடத்திடம் கையளிக்கப்பட்டது. அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் அந்தக் கையளிப்பைத் தவறு என்று சொல்லிக் கேட்டதில்லை.

இனிச் செம்மணிப் புதைகுழி. இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிவிட்டு அதைத் தொடாமல் போக முடியாது. 2025 தொடக்கத்தில் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகன மண்டபம் கட்ட மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்ற உத்தரவின்படி தோண்டத் தோண்ட, அந்த வருடம் முடியுமுன்பே 200 க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள். சிறுபிள்ளைகளும் இருந்தார்கள், ஒரு பிள்ளையோடு நீலநிறப் பாடசாலைப் பை. சமயப் பெரியவர்கள் சிலர், பாவம், சீக்கிரம் கிரியை செய்து அடக்கிவிடலாமே என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் நான் மேலே அடித்துச் சொன்ன 'முடிவு வேண்டும்' என்ற நியாயம் இங்கே தலைகீழாகிறது. பெயர் தெரியாமல் எரித்தால் அந்த மனிதர் இரண்டாம் முறை காணாமல் போவார். இந்த எலும்புகளை வைத்திருப்பது அந்த இறந்தவர்களுக்காகவே. மரபணுப் பரிசோதனையும் வழக்கும் முடியும்வரை, எத்தனை வருடம் ஆனாலும், இலக்கமிட்டுப் பூட்டி வைத்திருப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் கிரியை.

2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, புதைகுழியில் கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர் அடையாளம் காணும்படி பார்வைக்கு வைத்தார்கள். எலும்புகளை வைக்கவில்லை. அந்தப் பிரிப்பு சரி. ஒரு தாய்க்கு மகனின் சட்டை தெரியும், மண்டையோடு தெரியாது. அதே நாட்களில் எலும்புக்கூடுகளின் படங்கள் சோக இசையோடு கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. முள்ளிவாய்க்கால் படங்களுக்கும் இதுதான் நடந்தது. ஆடை கலைந்த நிலையில் கிடந்த பெண்களைப் பதாகையில் அச்சிட்டு வீதியில் பிடித்தோம். அந்தப் பெண் எழுந்து வந்தால் சம்மதிப்பாளா என்று கேட்பவரைத் துரோகி என்பார்கள். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். படம் சான்றாக நீதிமன்றத்திடமும் குடும்பத்திடமும் ஆவணக் காப்பகத்திடமும் இருக்கட்டும். விருப்பக்குறி வாங்கும் பக்கத்தில் இருக்க அதற்கு உரிமையில்லை.

அதற்காக, காட்டவே கூடாது என்று ஒரே அடியாகச் சொல்லவும் எனக்கு வாய் வராது. 1955 இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எமெற் ரில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். முகமே சிதைந்த மகனின் பெட்டியைச் சிக்காகோவில் திறந்தே வையுங்கள், என் பிள்ளைக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்று தாய் சொன்னார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். பெற்றவள் அந்த மகனுக்காகத் திறந்த பெட்டி அது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரில் ஒருத்தி என் பிள்ளையின் படத்தைப் போடுங்கள் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவளைக் கேட்காமல் போடுபவனிடம்தான் எனக்குச் சண்டை.

அதிகாரம் உடலில் கைவைப்பதை நாங்கள் இன்னொரு விதமாகவும் பார்த்தோம். கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, முஸ்லிம்களின் உடல்களையும் இந்த நாடு வலிந்து எரித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. பதப்படுத்தி வைத்திருப்பது மட்டும்தான் அவமதிப்பு என்றில்லை.

சரி தம்பி, வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

அம்மாவின் பயம் கிரியை பற்றியதாக இருந்தால் அதற்கு வழி உண்டு. உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் முறையைச் சாஸ்திரமே சொல்கிறது. போரில் உடல் கிடைக்காத எத்தனையோ வீடுகளில் கிரியை நடந்துதான் இருக்கிறது. அந்தியேட்டிக்கும் தடையில்லை. குருக்களிடம் நேரே கேளுங்கள். இடையில் இருப்பவர்களிடம் கேட்காதீர்கள்.

அப்பா அறிய வேண்டியவை வேறு. எழுதிக் கொடுத்தால் கட்டாயம் எடுப்பார்கள் என்றில்லை. மரண விசாரணைக்காக உடலை வெட்டியிருந்தால், தொற்றுநோய் இருந்தால், விபத்தில் சிதைந்தால், நேரம் பிந்தினால், பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். ஆகவே மாற்று ஏற்பாடு ஒன்று மனதில் இருக்க வேண்டும். மலர்ச்சாலையில் எம்பாம் செய்வதற்கு முன் பீடத்தோடு பேச வேண்டும். அவர்கள் ஏற்றும் மருந்து வேறு. நீங்கள் ஜேர்மனியிலிருந்து வந்து சேரும்வரை உடல் வீட்டில் காத்திருக்காது என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். பீடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை காலம் வைத்திருப்பார்கள், முடிந்த பின் என்ன செய்வார்கள், சாம்பலைக் குடும்பத்துக்குத் தருவார்களா. கீரிமலையில் கரைக்க ஒரு பிடி கிடைக்கும் என்று தெரிந்தால் அம்மாவின் மனம் ஒருவேளை இளகும். ஓர் உறுப்பைத் தனியே எடுத்துப் போத்தலில் இட்டு மாதிரியாக நெடுங்காலம் வைத்திருப்பதுண்டு. அதற்கு அப்பா உடன்படுகிறாரா என்பதை அவரே தனியாக எழுதிவைப்பது நல்லது. படிப்புக்குக் கொடுக்கிறேன் என்பதும் கண்ணாடிப் போத்தலில் இருக்கிறேன் என்பதும் வேறு வேறு சம்மதங்கள்.

என் ஊகம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கோபம் உடற்கூற்றியலோடு அல்ல. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளிடம் கேட்காமல் தொலைபேசியில் மகனுக்கு அறிவித்தாரே, அதோடுதான். அவருடைய உடல்தான், சட்டப்படி அவருடைய விருப்பம்தான். ஆனால் அந்த உடல் போன பிறகு வெறும் வீட்டில் இருக்கப்போவது அவள். சட்டம் எப்படி இருந்தாலும், மனைவி அழுது மறிக்கும் வீட்டிலிருந்து உடலைத் தூக்கிவர எந்த மருத்துவ பீடமும் விரும்பாது. அப்பா முதலில் அவளோடு இருந்து பேசட்டும்.

பேசியும் அவள் சம்மதிக்கவில்லை என்றால், உடற்கூற்றியல்காரனாகிய நானே சொல்கிறேன், உடலை விட்டுவிடுங்கள், கண்களைக் கொடுங்கள். இலங்கைக் கண்தானச் சங்கம் 1961 முதல் இந்த வேலையைச் செய்கிறது, வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. வயது போனவர், கண்ணாடி போட்டவர், கற்றராக்ட் வெட்டியவர் என்றாலும் பொதுவாகத் தடையில்லை. இறந்து சில மணித்தியாலங்களுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தை இப்போதே வீட்டில் எழுதி ஒட்டுங்கள். எடுத்த இடம் வெளியே தெரியாதபடி இமையை மூடிவிடுவார்கள். அதன் பிறகு எம்பாம் செய்து உங்களுக்காகக் காத்திருக்கலாம், வாய்க்கரிசியிலிருந்து காடாற்று வரை எல்லாம் வழமைபோல நடக்கும்.